நாலு நிமிடம் நின்ற காட்டு மாடு

வியாழன் இரவு, கோத்தகிரி

ரேஸ் பார்க்க நீலகிரிக்குப் போகிறேன் என்று சொல்லி லீவு கேட்டபோது, மேலாளர் குதிரை ரேஸ் என்றே நினைத்துவிட்டார். ஊட்டி என்றால் நம் ஆட்களுக்கு அந்த ரேஸ்தான். அந்த மைதானத்தையே 2024-ல் அரசு திரும்ப எடுத்துக்கொண்டுவிட்டது என்பது அவருக்குத் தெரியவில்லை. "கார்ங்க" என்றேன். "அந்த வளைவுலயா? உயிரோட வாங்க" என்று கையெழுத்துப் போட்டார்.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன் நான். கார் பைத்தியம் பள்ளிக்கூட நாளிலிருந்தே உண்டு. செட்டிபாளையம் கரி ஸ்பீட்வேயில் வேலிக்கு வெளியே நின்று தூசி தின்றிருக்கிறேன். 2005-ல் நம் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் ஜோர்டான் காரில் ஓட்டியபோது, ராத்திரி டிவியை முணுமுணுப்பு அளவுக்குக் குறைத்துவைத்துப் பார்த்தவன். மிஷ்லின் டயர் போட்ட அணிகளெல்லாம் விலகி, ஆறே கார் ஓடிய அந்த இண்டியானாபொலிஸ் ரேஸில் அவர் நான்காவதாக வந்தார். "ஆறுல நாலாவதா?" என்று அப்பா கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. ஐந்து புள்ளி, அப்பா. இந்தியர் ஒருவர் ஃபார்முலா ஒன்னில் எடுத்த முதல் புள்ளிகள்.

ஆனால் எப்போதும் வேலிக்கு வெளியேதான். உள்ளே போனதில்லை. இந்த முறை வாய்ப்பு வந்தது மனைவியின் தம்பி வழியாக. மாப்ள ஒரு பழைய எஸ்டீம் காரில் நேவிகேட்டராக, அதாவது டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து வழியும் நேரமும் கணக்குப் பார்த்துச் சொல்கிறவனாக, உட்காருகிறான். ஓட்டுவது பீளமேட்டில் லேத் பட்டறை வைத்திருக்கும் அவன் நண்பர். "மாமா, மார்ஷலுக்கு ஆள் பத்தலை, வர்றீங்களா?" என்றான். சாவடியில் நின்று வண்டி வரும் நேரத்தைக் குறிக்கிற வேலை. கேட்கணுமா!

அவிநாசி, அன்னூர், மேட்டுப்பாளையம். குஞ்சப்பனை சோதனைச் சாவடியில் இ-பாஸ் பார்த்தார்கள், பிளாஸ்டிக் பாட்டில் இருக்கிறதா என்று பையைத் துழாவினார்கள். பாதி மலையில் இறங்கி வந்த ஒரு சுற்றுலா வேன் ஓரமாக நின்றிருந்தது. முன் சக்கரத்திலிருந்து புகை, கருகிய நாற்றம், உள்ளே குழந்தைகளின் அழுகை. இறக்கம் முழுக்க பிரேக்கிலேயே காலை வைத்து வந்திருக்கிறார் டிரைவர். வளைவுக்கு வளைவு போர்டு வைத்துச் சொல்லியிருக்கிறார்கள், தாழ்ந்த கியரில் இறங்கு என்று. யார் படிக்கிறார்கள்.

கோத்தகிரி வந்து சேரும்போது இருட்டிவிட்டது. புரட்டாசிக் குளிர். ஸ்வெட்டரை வீட்டிலேயே விட்டுவிட்டேன். மாப்ளயின் அக்கா எடுத்துவைத்ததுதான், பீரோவிலேயே இருக்கும்.

வெள்ளி இரவு

காலையில் முதல் ஏமாற்றம். இது வேகப் போட்டியே இல்லை.

மாப்ள போனில் "ரேலி" என்றுதான் சொல்லியிருந்தான். நான் கேத்தனூர் காற்றாலைப் பக்கம் பார்த்த ரேலிகளை மனதில் வைத்திருந்தேன்: மூடிய மண் ரோடு, பறக்கும் செம்மண், சரிந்து திரும்பும் கார். இங்கே அப்படி ஓட்டினால் நேராக ஸ்டேஷன்தான். மாநில அரசின் எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் பொது ரோட்டில் வேகப் போட்டி நடத்துவது மோட்டார் வாகனச் சட்டம் 189-ஆம் பிரிவின்படி குற்றம். அதனால் மலையில் நடப்பது டி.எஸ்.டி. நேரம், வேகம், தூரம். "இந்த இடத்திலிருந்து சராசரி 27 கிலோமீட்டரில் போ" என்று காகிதத்தில் போட்டுக் கொடுப்பார்கள். சொன்ன நொடியில் போய்ச் சேர வேண்டும். ஒரு நொடி பிந்தினால் ஒரு அபராதப் புள்ளி. ஒரு நொடி முந்தினால் இரண்டு. ஆமாம், சீக்கிரம் போனால்தான் தண்டனை அதிகம். நேரத்தைக் குறிக்கும் சாவடிகள் எங்கே ஒளிந்திருக்கின்றன என்று யாருக்கும் சொல்ல மாட்டார்கள்.

27-ல் போனால் ஒரு கிலோமீட்டருக்கு 2 நிமிடம் 13.3 நொடி. 24 என்றால் இரண்டரை நிமிடம். சைக்கிளில் கொஞ்சம் மிதித்தால் நானே போய்விடுவேன் என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டேன். மத்தியானம் வரைக்கும்தான் அந்தச் சிரிப்பு.

ஒரு கல்யாண மண்டபத்தின் முன்வாசலில் வண்டிச் சோதனை. ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று, தீயணைப்பான், முதலுதவிப் பெட்டி, இழுவைக் கயிறு, பெல்ட், விளக்கு, ஹார்ன். ஒரு ஜிப்சிக்கு முக்கோணப் பலகை இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர்கள் டவுனுக்கு ஓடி வாங்கி வந்தார்கள். எங்கள் எஸ்டீமுக்குக் கூட வந்திருக்கும் மெக்கானிக் அண்ணன் கோயம்புத்தூர் கணபதிக்காரர். அதிகம் பேச மாட்டார், கேட்டால் மட்டும் சொல்வார். நான் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

பிரேக் ஆயிலைப் புதிதாக மாற்றிக்கொண்டிருந்தார். "பழசும் நல்லாத்தானேங்ண்ணா இருந்துச்சு?" என்றேன். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருக்குமாம். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கையில் 230 டிகிரி வரைக்கும் கொதிக்காது. ஈரம் ஏறிவிட்டால் 155-க்கே இறங்கிவிடும். இறக்கத்தில் டிஸ்க் சூடேறி ஆயில் கொதித்தால் உள்ளே ஆவிக் குமிழ். மிதித்தால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும், வண்டி நிற்காது. "நேத்து பாத்தீங்கள்ல அந்த வேனு" என்றார். அவரும் பார்த்திருக்கிறார்.

பக்கத்து ஜிப்சி கார்புரேட்டர் வண்டி. புகை கருப்பாக வந்தது. இந்த உயரத்தில் காற்று கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கீழே அளந்து வைத்த பெட்ரோல் இங்கே அதிகப்படி ஆகிவிடுகிறது. பிளக்கைக் கழற்றிக் காட்டினார்கள், அடுப்புக்கரி மாதிரி இருந்தது. இன்ஜெக்‌ஷன் வண்டி தானாகவே குறைத்துக்கொள்ளும். "அப்ப நம்ம வண்டி?" "மூச்சு கொஞ்சம் வாங்கும். ஆனா நாம என்ன பறக்கவா போறோம்?"

இனி சொல்லப்போவதுதான் என்னை வாயடைக்க வைத்த விஷயம்: கேலிப்ரேஷன். அமைப்பாளர்கள் ஐந்து கிலோமீட்டரை அளந்து வைத்திருக்கிறார்கள். எல்லோரும் அதில் ஒருமுறை ஓட்டி, தங்கள் மீட்டர் எவ்வளவு காட்டுகிறது என்று பார்க்க வேண்டும். எங்களுடையது 5.14 காட்டியது. அவர்கள் கிலோமீட்டர்தான் வேதம். எனவே எங்கள் மீட்டர் சொல்வதை 0.9728-ஆல் பெருக்க வேண்டும். டயர் தேய்ந்தால் இந்த எண் மாறும், காற்று கூடினால் மாறும். சென்சரைப் பின் சக்கரத்தில் வைத்திருக்கிறார்கள். எஸ்டீமை முன் சக்கரம்தான் இழுக்கிறது. இழுக்கிற சக்கரம் ஏற்றத்தில் கொஞ்சம் வழுக்கும், பொய் சொல்லும்.

கொண்டை ஊசி வளைவு இன்னொரு பஞ்சாயத்து. உள்பக்கமாகத் திரும்புவதற்கும் மூன்று மீட்டர் வெளியே தள்ளித் திரும்புவதற்கும் 9.4 மீட்டர் வித்தியாசம். 27-ல் போகும்போது அது ஒன்றேகால் நொடி. பத்து வளைவுகளையும் உள்பக்கமாகவே வெட்டிக்கொண்டு போனால் பன்னிரண்டரை நொடி கணக்கு விழும். இடப்பக்கத்தை விடாமல் ஒழுங்காகப் போனால் ஒரு வளைவில் உள்பக்கம், அடுத்ததில் வெளிப்பக்கம், தானாகக் கழிந்துவிடும். ரோட்டு விதியை மதிக்கிறவனுக்குக் கணக்கு சரியாக வருகிற ஒரே விளையாட்டு இதுவாகத்தான் இருக்கும்.

சாயங்காலம் மார்ஷல்களுக்கு வகுப்பு. எனக்கு ஒரு கடிகாரம், ஒரு பலகை, தாள், இரண்டு பென்சில். பேனா கூடாது, பனியில் எழுதாது. மூன்று கட்டளைகள்: வண்டி கோட்டைத் தாண்டிய நொடியை எழுது. பார்த்ததை மட்டும் எழுது. போட்டியாளரிடம் பேசாதே.

எந்த வண்டி எத்தனை மணிக்கு வரவேண்டும் என்ற பட்டியலை எங்களுக்குத் தரவே மாட்டார்கள். தெரிந்தால் கை தானாக அந்தப் பக்கம் சாயுமாம். நல்ல ஆடிட்டர் வகுத்த முறை.

சனி இரவு

விடிகாலையில் தொடக்கம். புரட்டாசி சனி. மெக்கானிக் அண்ணன் நாமம் போட்டு வந்திருந்தார். எல்லா வண்டிக்கும் சூடம், நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம். ஒரு டிரைவர் பழத்தை நசுக்க வண்டியை முன்னே நகர்த்த, மீட்டரை அப்போதுதான் பூஜ்யம் பண்ணி வைத்திருந்த நேவிகேட்டர் "அய்யோ, இரண்டு மீட்டர் போச்சு" என்று தலையில் அடித்துக்கொண்டார். நிமிடத்துக்கு ஒரு வண்டியாகக் கிளம்பின. எங்கள் எஸ்டீம் 11-ஆம் எண்.

நான் அதற்கும் முன்பே ஜீப்பில் ஏற்றப்பட்டு, சோலூர்மட்டம் போகும் ரோட்டில் ஒரு தேயிலைத் தோட்டத்து வளைவில் இறக்கிவிடப்பட்டிருந்தேன். கூட, குன்னூரைச் சேர்ந்த ஒரு கல்லூரி மாணவி. பிசிக்ஸ் படிக்கிறாள். இது அவளுக்கு நாலாவது ரேலி. எனக்குப் பலகை எங்கே வைப்பது, கோடு எங்கே போடுவது என்று அவள்தான் சொல்லிக்கொடுத்தாள். "அங்கிள், வண்டி வராத நேரத்துலதான் தப்பு நடக்கும். பேசிட்டே இருப்போம், திடீர்னு வந்துரும்."

பனி என்றால் அப்படி ஒரு பனி. பத்தடிக்கு அப்பால் ரோடே இல்லை. தேயிலைச் செடியிலிருந்து சொட்டும் சத்தம், எங்கோ கீழே ஃபேக்டரி ஓடும் சத்தம், வறுபட்ட தேயிலையின் வாசனை. கொழுந்து பறிக்கப் போன ஒரு அக்கா எங்களைப் பார்த்து நின்றார். எதற்கு இந்தக் குளிரில் உட்கார்ந்திருக்கிறோம் என்று விசாரித்தார். சொன்னேன். "மெதுவா போறதுக்குப் போட்டியா?" என்றார். இரண்டு நாளாக நான் தேடிக்கொண்டிருந்த வரையறை. தூக்கில் வைத்திருந்த டீயில் எங்களுக்கும் ஊற்றிக் கொடுத்துவிட்டு, "பாத்து இருங்க. காலைல காட்டு மாடு கீழ்த் தோட்டத்துல நின்னுச்சு" என்று போனார்.

முதல் வண்டி 10:31. பனிக்குள் இரண்டு மஞ்சள் புள்ளி, அப்புறம் பானட், அப்புறம் முழு வண்டி. எழுது, அவர்கள் நீட்டும் நேர கார்டில் குறி, கையெழுத்து, போய்விட்டார்கள். மொத்தம் பதினைந்து நொடி. மறுபடி பனி. இப்படிப் பத்து வண்டிகள், ஒவ்வொரு நிமிடத்துக்கும் ஒன்றாக, ரயில் மாதிரி. இவ்வளவு கிட்டத்தில் ரேஸ் நடக்க, ரேஸில் நான் பார்ப்பது இந்தப் பதினைந்து நொடியை மட்டும்தான். யார் முன்னணி, யார் பின்தங்கினார்கள், எதுவும் தெரியாது. வேலிக்கு வெளியே நின்றபோதாவது அது தெரியும்.

அப்புறம் ஒன்றும் வரவில்லை.

ஒரு நிமிடம். இரண்டு. மாணவி கடிகாரத்தைத் தட்டிப் பார்த்தாள். நாலு நிமிடத்துக்கு மேல் ஆகிவிட்டது. திடீரென்று ஐந்து வண்டிகள், ஒன்றின் வாலை ஒன்று பிடித்த மாதிரி. 10:45:10, 10:45:18, 10:45:27... பென்சில் முனை உடைந்தது, இரண்டாவது பென்சிலை எடுத்தேன். முதலில் வந்தது 11. மாப்ள கண்ணாடியை இறக்கி, "மாமா, மாடு! ரோட்டுல மாடு நின்னுச்சு, எழுதிக்கோங்க!" என்று கத்தினான். முகமெல்லாம் சிவந்திருந்தது. நான் கார்டில் நேரத்தைப் போட்டுக் கொடுத்தேன். வேறொன்றும் எழுதவில்லை.

நான் மாட்டைப் பார்க்கவில்லையே. கேட்கவும் இல்லை. அவர்கள் ஹார்ன் அடித்திருந்தால் பனியில்கூடக் கேட்டிருக்கும். ஆனால் காட்டு மாட்டின் முன்னால் ஹார்ன் அடிக்கக் கூடாது என்பது இந்த மலையில் குழந்தைக்கும் தெரியும். முழு வளர்ந்த கடா ஆயிரம் கிலோ வரை வரும். அது எஸ்டீமை என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை. விளக்கைத் தணித்து, சத்தமில்லாமல், அது போகும்வரை காத்திருக்கிறார்கள். செய்ய வேண்டியதைச் சரியாகச் செய்திருக்கிறார்கள். அதனாலேயே சாட்சி இல்லை.

தங்குமிடத்தில் இப்போது மணி பத்தரை. மாப்ள என்னோடு பேசவில்லை. என்னைச் சுற்றியிருக்கும் எல்லோரோடும் பேசுகிறான். "பனில நாலு வெள்ளைக் கால்தான்ணா தெரிஞ்சுது. மேல உடம்பே தெரியலை. ஏதோ காலுறை போட்ட ஆளுக நிக்கறாங்கன்னு நினைச்சோம்." எல்லோரும் சிரிக்கிறார்கள். அவன் சிரிக்கவில்லை. நாலு நிமிடம் பத்து நொடி, 250 புள்ளி. முன்னணியில் இருப்பவருக்கு மொத்தமே நூறைத் தாண்டவில்லை.

திரும்பும் வழியில் பின் டயர் ஒன்று பஞ்சராம். மெக்கானிக் அண்ணன் ஸ்டெப்னியை மாட்டிவிட்டு, "தம்பி, இது புது டயரு" என்று ஒருமுறை சொன்னார். மாப்ள மாட்டைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான்.

ஞாயிறு, மேட்டுப்பாளையம் போகும் முன்

முடிவு மேசையில் கணக்குப் பார்ப்பவருக்குக் காய்ச்சல். யாருக்காவது எக்செல் தெரியுமா என்று கேட்டார்கள். இருபது வருடமாக அதைத்தானே செய்கிறேன். இரண்டாம் நாள் ஓட்டம் கட்டபெட்டு, குன்னூர் பக்கம் போய்த் திரும்பியது; எதையும் பார்க்கவில்லை. மண்டபத்தில் ஹீட்டர் பக்கத்தில் உட்கார்ந்து, எல்லாச் சாவடித் தாள்களையும் ஏற்றிக்கொண்டிருந்தேன். தட்டில் வர்க்கி இருந்தது. அது தீர்ந்ததும் இன்னொரு தட்டு.

என் தாளும் வந்தது. இந்த முறை பக்கத்தில் வரவேண்டிய நேரமும் இருந்தது. 11-ஆம் வண்டி 4:10 தாமதம். 12-ஆவது 3:18. 13-ஆவது 2:27. 14-ஆவது 1:35. 15-ஆவது 44 நொடி. 16-ஆவது இரண்டே நொடி.

படிக்கட்டு. ஒவ்வொரு படியும் ஏறக்குறைய 52 நொடி இறக்கம். ஐந்து டிரைவர்கள் சேர்ந்து சொதப்பினால் இப்படி வராது. ஆளுக்கொரு மாதிரி இருக்கும். ஏதோ ஒன்று குறுக்கே நின்று, பின்னால் வரிசை சேர்ந்து, ஒரே நொடியில் விலகினால்தான் இப்படி வரும். நான் பார்க்காத மாடு என் தாளிலேயே நின்றிருக்கிறது.

தலைமை அதிகாரியிடம் எடுத்துப் போனேன். ராணுவத்தில் இருந்தவர், வெலிங்டனில் வேலை பார்த்து இந்த ஊரிலேயே தங்கிவிட்டவர். "சார், முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். 11-ஆம் நம்பர் என் மச்சினன்" என்றேன். "தெரியும். நேத்து ராத்திரி ஊருக்கே சொன்னாரு" என்றார். தாளை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். மாணவியை அழைத்துக் கேட்டார். அவளும் "மாட்டைப் பார்க்கலை சார், அஞ்சும் சேர்ந்து வந்துச்சு" என்றாள். மற்ற நாலு வண்டிக்காரர்களையும் தனித்தனியாகக் கேட்டார். நாலு பேரும் வெள்ளைக் கால் என்றார்கள்.

ஐந்து வண்டிக்கு மட்டும் நேரம் கழித்துக் கொடுப்பாரென்று நினைத்தேன். கொடுக்கவில்லை. யாருக்கு எத்தனை நொடி என்று அளக்க வழியில்லை என்று, அந்தச் சாவடியையே எல்லோருக்கும் ரத்து செய்துவிட்டார். அங்கே ஒரு நொடிகூடப் பிசகாமல் வந்திருந்த 4-ஆம் எண் வண்டிக்காரர் மேசையைத் தட்டிவிட்டார். அவர் கோபம் நியாயம்தான். என்னைப் பார்த்த பார்வையில் 'மச்சினன்' என்ற சொல் இருந்தது. ஆட்சேபத்துக்கு அரை மணி நேரம் கொடுத்தார்கள், எழுதியும் கொடுத்தார், தள்ளுபடி.

மாப்ள வண்டி பதினாலாவது இடத்திலிருந்து நாலாவதுக்கு வந்தது. மூன்றாம் இடத்துக்கும் அவர்களுக்கும் 11 புள்ளி.

அந்த 11 எங்கே போனது என்று நான்தான் தேடினேன். இன்று காலை ஓட்டத்தின் முதல் நாலு கிலோமீட்டருக்குள் ஒரு சாவடி ஒளிந்திருந்தது. அங்கே எட்டு நொடி முன்கூட்டியே போயிருக்கிறார்கள், 16 புள்ளி. புது டயர் தேய்ந்ததைவிட நாலு மில்லிமீட்டர் உயரம். குறைவாகச் சுற்றும், மீட்டர் குறைவாகக் காட்டும், பின்தங்கிவிட்டோம் என்று நினைத்து மிதித்திருக்கிறார்கள். அப்புறம் ரோடு புக்கோடு, அதாவது வழியும் தூரமும் போட்ட புத்தகத்தோடு, ஒத்துப் பார்த்துத் திருத்திக்கொண்டார்கள். ராத்திரியே கேலிப்ரேஷன் பண்ணியிருக்கலாம். ராத்திரி முழுக்க மாடு.

மெக்கானிக் அண்ணனிடம் இதைச் சொன்னேன். "சொன்னனே" என்றார், அவ்வளவுதான். காரமடை ரங்கநாதருக்கு நேர்ந்துகொண்டிருந்தாராம், இறங்கும் வழியில் போகணும் என்றார். நாலாவது இடத்துக்கு என்ன நேர்த்தி என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை.

மாப்ள கோப்பை வாங்குகிறவர்களுக்குக் கை தட்டிவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் சும்மா இருந்தான். அப்புறம், "மாமா, அந்த படிக்கட்டுக் கணக்கை எனக்கு ஒருக்கா போட்டுக் காட்டுங்க" என்றான். வர்க்கிப் பொட்டலத்தின் பின்பக்கம் போட்டுக் காட்டினேன்.

வீட்டிலிருந்து போன் வந்தது. தம்பி முதல் நாளே எல்லாம் சொல்லிவிட்டிருக்கிறான். "ஒரு வார்த்தை எழுதினா உங்க கை தேஞ்சா போயிரும்?" என்றாள். ஸ்பீக்கரில் போட்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. மாப்ள குறுக்கே புகுந்து, "அக்கா, நீ சும்மா இரு. மாமா பாக்கலைன்னா பாக்கலை" என்றான். மறுமுனையில் சத்தமில்லை. பிறகு, "ஸ்வெட்டர் கொண்டு போனீங்களா?" என்றாள்.

கிளம்புகிறோம். இரண்டாவது கியரில்தான். மாப்ள மீட்டரைப் பூஜ்யம் பண்ணிவிட்டு, குஞ்சப்பனைக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேருவோம் என்று நொடியோடு சொல்லிக்கொண்டிருக்கிறான்.